இந்தக் கட்டடத்துக்கு எத்தனை கூரை?

"ஏம்ப்பா, இந்தக் கட்டடத்துக்கு எத்தனை கூரை?"

சார் இப்படிக் கேட்டபோது எனக்குக் கேள்வியே புரியவில்லை. எட்டு மாடி அலுவலகக் கட்டடம். நீளம் 30 மீட்டர், அகலம் 20. மேலே ஒரு மொட்டைமாடி. கூரை என்றால் அதுதானே? அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தின் வெப்பத்தைக் கணக்கிட நான் கணினியில் வரைந்த மாடலின் சிமுலேஷன் முடிந்து வந்த அறிக்கையில் ஒரு கட்டத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மொத்தக் கூரைப் பரப்பு என்று தலைப்பிட்ட வரிசை அது. 4,824 சதுர மீட்டர் என்று இருந்தது.

முப்பதை இருபதால் பெருக்கினால் 600. எட்டு அறுநூறு 4,800. மிச்சம் நின்ற 24-ஐ அன்றைக்கு நான் கண்டுகொள்ளவே இல்லை. எட்டு மாடிக்கும் தனித்தனியாக எட்டுக் கூரை போட்டு வைத்திருக்கிறேன் என்ற அதிர்ச்சியே போதுமானதாக இருந்தது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. அந்த மாடலின் விடைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நான் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் குளிர்கால இரவில் ஏறக்குறைய ஒரே அளவு சூடேற்றம் தேவைப்பட்டது. நடு மாடி என்பது மேலும் கீழும் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள் மாதிரி. அதற்கு எப்போதும் குறைவாகத்தான் தேவைப்பட வேண்டும். எனக்கு அது உறுத்தியது, உண்மைதான். ஆனால் கான்கிரீட்டின் வெப்பத் தேக்கம், காற்றுக் கசிவு, ஜன்னல் விகிதம் என்று ஏதேதோ காரணம் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். திரையில் மாடல் அவ்வளவு அழகாக இருந்தது. எட்டு அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவே 150 மில்லிமீட்டர் இடைவெளி.

அந்த இடைவெளி தவறிப்போய் வந்ததல்ல. நானேதான் யோசித்து விட்டேன். தரைக்குத் தரை 3.6 மீட்டர். ஸ்லாப் 150 மி.மீ. அப்படியானால் அறைக்குள் இருக்கும் காற்றின் உயரம் 3.45 தானே? அதனால் ஒவ்வொரு மாடியையும் 3.45 மீட்டர் உயரப் பெட்டியாக வரைந்து, 3.6 மீட்டருக்கு ஒன்றாக அடுக்கினேன். நடுவே ஸ்லாப்புக்கு இடம் விட்டாயிற்று. கட்டுமான வரைபடத்தில் இது முழுக்கச் சரி. வெப்ப மாடலில், அந்த இடத்தில் ஸ்லாப் என்று ஒன்று இல்லவே இல்லை. அங்கே இருப்பது வெளிக்காற்று.

காரணம், இந்த வகை மாடலில் எந்தப் பரப்புக்கும் கனம் கிடையாது. சுவர், தரை, கூரை எல்லாமே காகிதத்தை விட மெல்லிய தளங்கள். ஒரு சுவரின் 230 மி.மீ. கனமும் அதன் அடுக்குகளும் வடிவத்தில் இருப்பதில்லை. 'இந்தப் பரப்பு இன்ன பொருள்களால் ஆனது' என்று பக்கத்தில் எழுதி வைக்கும் பட்டியலில்தான் இருக்கின்றன. வெப்பம் அந்தப் பட்டியல் வழியாக, பரப்புக்குச் செங்குத்தான ஒரே திசையில் கடப்பதாகக் கணக்கு ஓடும். ஆக, நான் ஸ்லாப்பைப் பட்டியலிலும் போட்டேன், வடிவத்திலும் அதற்கு இடம் விட்டேன். ஒரே ஸ்லாப், கீழ் மாடிக்குக் கூரையாக ஒரு முறையும் மேல் மாடிக்குத் தரையாக ஒரு முறையும் முளைத்து, இரண்டுமே வெட்டவெளியைப் பார்த்து நின்றன.

இதன் விலை என்ன என்று அன்று இரவு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். உள்ளே 24 டிகிரி, வெளியே 14 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாப்பின் வெப்பத்தடை 0.10. மேல்நோக்கிப் போகும் வெப்பத்துக்கு உள்பக்கக் காற்றுப்படலத்தின் தடை 0.10, வெளிப்பக்கம் 0.04. மொத்தம் 0.24. அதைத் தலைகீழாக்கினால் யூ மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கடக்கும் வாட், ஏறக்குறைய 4.2. 600 சதுர மீட்டருக்கும் 10 டிகிரிக்கும் பெருக்கினால் 25 கிலோவாட். இது கூரைப் பக்கம் மட்டும். மேல் மாடியின் தரை வழியாகக் கீழ்நோக்கிப் போவதற்குப் படலத் தடை 0.17, அதனால் கொஞ்சம் குறைவாக 19 கிலோவாட். ஓர் இடைவெளிக்கு 44. அதே மாடியின் நான்கு பக்கச் சுவரும் சேர்ந்து 360 சதுர மீட்டர். ஜன்னலை மறந்துவிட்டு யூ மதிப்பு 0.4 என்று போட்டால், அதன் வழியாகப் போவது 1.44 கிலோவாட்தான். நான் பார்த்துப் பார்த்துக் காப்புப் பொருள் தேர்ந்தெடுத்த சுவர் வழியாகப் போவதைப் போல முப்பது மடங்கு, நான் இல்லாமல் செய்துவிட்ட ஒரு ஸ்லாப் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஏழு இடைவெளி.

சரி, மென்பொருள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

நான் பயன்படுத்தியது எனர்ஜிப்ளஸ். அது ஓடி முடித்ததும் ஒரு பிழைக் கோப்பு எழுதி வைக்கும். எச்சரிக்கை, கடும் பிழை, உயிரை எடுக்கும் பிழை என்று மூன்று தரம் உண்டு. என் கோப்பில் கடும் பிழை ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. வெளிக்காற்றைப் பார்த்து நிற்கும் கூரை என்பது உலகத்தில் மிகச் சாதாரணமான பொருள். எட்டு ஒற்றைமாடிக் கட்டடங்கள் காற்றில் ஒன்றின் மேல் ஒன்றாக மிதப்பது இயற்பியல்படி குற்றமில்லை. அதைக் கணக்கிடச் சொன்னேன், அது கணக்கிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த ஒரு தவறான எண்ணம் உடைந்தது. வரைந்த வடிவத்தைத்தான் மென்பொருள் கட்டடமாகப் பார்க்கிறது என்று நம்பியிருந்தேன். அது பார்ப்பது வடிவத்தை அல்ல. ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: உன் முதுகுக்குப் பின்னால் யார்? அதற்கு எழுதி வைத்திருக்கும் பதிலைத்தான் அது படிக்கிறது. 'அவுட்டோர்ஸ்' என்றால் வெளிக்காற்று. 'கிரவுண்ட்' என்றால் மண். 'அடியாபாட்டிக்' என்றால் அந்தப் பக்கத்தோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. 'சர்ஃபேஸ்' என்றால் இன்னொரு பரப்பு, அதன் பெயர் இன்னது. வெப்பம் எங்கே போக வேண்டும் என்பது முழுக்க இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இதை ஒரு படி மேலே போய்ச் சோதித்தேன். இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, ஒரு மாடியின் கூரைக்கு 'உன் பின்னால் இருப்பது மேல் மாடியின் தரை' என்றும், அந்தத் தரைக்கு 'உன் பின்னால் இருப்பது கீழ் மாடியின் கூரை' என்றும் கையால் பெயர் எழுதினேன். எனர்ஜிப்ளஸ் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. நடுவே 150 மி.மீ. வெற்றிடம் இருப்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. இரண்டின் பரப்பளவும் பொருந்துகிறதா, சாய்வும் திசையும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றனவா, பொருள் அடுக்குகள் தலைகீழ் வரிசையில் இருக்கின்றனவா என்று மட்டும் சரிபார்க்கும். அந்தப் பரப்புகள் உண்மையில் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று அது கேட்பதில்லை. ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பரப்புகள் உறவில்லாமல் இருக்கலாம். ஒட்டாமல் தள்ளி நிற்கும் இரண்டு பரப்புகள் உறவோடு இருக்கலாம்.

அப்படியானால் எதற்கு மில்லிமீட்டர் சுத்தமாக அடுக்க வேண்டும் என்று கேட்கலாம். பெயர்களை நாம் கையால் எழுதுவதில்லை என்பதுதான் காரணம். எனர்ஜிப்ளஸ் 2001-ல் வெளிவந்தது. அதற்கு முந்திய பிளாஸ்ட், டி.ஓ.இ.-2 நிரல்களின் வாரிசு. அந்தக் காலத்து ஆள்கள் ஒவ்வொரு மூலையின் ஆயத்தொலைவையும் தட்டச்சு செய்தார்கள், ஒவ்வொரு பரப்பின் மறுபுறத்தையும் தெரிந்தே எழுதினார்கள். இப்போது ஸ்கெட்ச்அப் என்ற வரையும் மென்பொருளில் ஓப்பன்ஸ்டூடியோ என்ற இணைப்பை வைத்து வரைந்துவிட்டு, எல்லாப் பரப்பையும் பொருத்து என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அந்தப் பொத்தான் வடிவத்தைப் பார்த்துத்தான் உறவைக் கண்டுபிடிக்கிறது. ஒரே தளத்தில், ஒரே மூலைகளோடு, எதிரெதிரே பார்க்கும் இரண்டு பரப்புகளைத் தேடுகிறது. கிடைத்தால் ஜோடி சேர்க்கும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் அவுட்டோர்ஸ் என்றே விட்டுவிடும். பிழை நுழைவது அந்தச் சத்தமின்மையில்தான்.

அடுத்த கேள்வி: கனம் இல்லாத தளத்தை எங்கே வைப்பது? உயரத்தைப் பொறுத்தவரை நான் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஸ்லாப்பின் மேல்முகத்தில் ஒரே ஒரு தளம். கீழ் மாடியின் கூரையும் அதுவே, மேல் மாடியின் தரையும் அதுவே. ஒவ்வொரு மாடியும் 3.6 மீட்டர். ஸ்லாப்பின் நடுவே வைப்பவர்களும் உண்டு. எல்லா மாடியிலும் ஒரே மாதிரி வைத்தால் அதிலும் தவறில்லை. காற்றின் கன அளவு கொஞ்சம் கூடுதலாக வருகிறதே என்றால், ஸோனுக்கு, அதாவது ஒரே வெப்பநிலையில் இருப்பதாக மாடல் கருதும் ஒரு காற்றுப் பகுதிக்கு, கன அளவையும் தரைப் பரப்பையும் தனியாக எழுத இடம் இருக்கிறது. வடிவத்தைக் கெடுக்காமல் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம்.

நீள அகலத்தில்தான் நிறைய நேரம் போனது. முதல் மாடலில் நான் செய்த இன்னொரு கோணல், உயரத்தை உள்பக்கத்திலிருந்தும் நீள அகலத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்தும் எடுத்தது. இரண்டும் ஒரே கட்டடத்தின் அளவு என்ற நினைப்பே அப்போது இல்லை. கட்டடங்களின் வெப்ப இழப்புக் கணக்குக்கான ஐ.எஸ்.ஓ. 13789 தரத்தில் அளவெடுக்க மூன்று முறைகள் சொல்லப்படுகின்றன: அறையறையாக உள்ளளவு, தடுப்புச் சுவர்களையும் சேர்த்த மொத்த உள்ளளவு, வெளியளவு. மூன்றில் எதையும் எடுக்கலாம், எடுத்ததை விட்டு நழுவக் கூடாது. வித்தியாசம் சிறியதில்லை. 30-க்கு 20 கட்டடத்தில் சுவர் 300 மி.மீ. என்றால் உள்ளளவு 29.4-க்கு 19.4. பரப்பு 570 சதுர மீட்டர், ஐந்து சதவீதம் குறைவு. சதுர மீட்டருக்கு 10 வாட் விளக்கு என்று போட்டால் ஒவ்வொரு மாடியிலும் 300 வாட் கூடவோ குறையவோ செய்யும்.

உள்ளளவுதான் நேர்மையானது என்று தோன்றியதால் அப்படியே ஒருமுறை முழுக் கட்டடத்தையும் வரைந்தேன். அது எனக்கு இரண்டாம் பாடம் நடத்தியது. தரைமாடியில் சுவர் 300 மி.மீ., அதற்கு மேலே எல்லாம் 200. வெளியே பார்க்க எல்லாம் ஒரே நேர்க்கோடு. உள்ளே மட்டும் மேல் மாடி ஒவ்வொரு பக்கமும் 100 மி.மீ. கூடுதல் அகலம். ஆக, இரண்டாம் அடுக்கின் தரை, கீழே இருக்கும் கூரையை விடப் பெரியது. பொருத்தும் பொத்தானை அழுத்தினால் ஜோடியே சேரவில்லை, மூலைகள் ஒன்றாக இல்லை. அதற்குத்தான் வெட்டும் கருவி இருக்கிறது. ஒன்றின் நிழல் மற்றதில் விழும் கோட்டில் பரப்பைத் துண்டாக்கி, பொதுவான பகுதியைத் தனியாக்கும். வெட்டினேன். நடுப்பகுதி ஒழுங்காக ஜோடி சேர்ந்தது. சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் அகலத்தில், கட்டடத்தின் நீளத்துக்கு ஓடும் நாடா நாடாவான துண்டுகள் மிஞ்சின. ஒவ்வொன்றும் வெளிக்காற்றில் தொங்கும் தரை. மொத்தமாகப் பார்த்தால் பத்து சதுர மீட்டருக்குக் கீழேதான், வெப்பக் கணக்கில் பெரிய பாதிப்பில்லை. ஆனால் ஒவ்வொரு நாடாவும் நிழல் கணக்கில் ஒரு பரப்பு. தடுப்புச் சுவர்களும் மாடிக்கு மாடி மாறியபோது, அறுபது பரப்பில் முடிய வேண்டிய மாடி இருநூற்றைத் தாண்டியது. பிழைக் கோப்பில் எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக வந்தன. அந்தக் குவியலில் உண்மையான பிழை ஒன்று ஒளிந்திருந்தால் என் கண்ணுக்குப் பட்டிருக்காது.

அதனால் இப்போது என் பழக்கம்: வெளிச்சுவருக்கு வெளிமுகம், உள்சுவருக்கு நடுக்கோடு, உயரத்துக்குத் தரைக்குத் தரை. விளக்கும் ஆள் எண்ணிக்கையும் பரப்புக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் மொத்த எண்ணாகவே கொடுத்துவிடுகிறேன். மாடிக்கு மாடி உள்சுவர் இருபது, முப்பது சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால், வெப்பநிலை ஒன்றாக இருக்கும் அறைகளுக்கு நடுவே அந்த நகர்வை நான் மதிப்பதில்லை. எல்லா மாடிக்கும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கட்டடக் கலைஞர் பார்த்தால் வருத்தப்படுவார். வெப்பம் வருத்தப்படுவதில்லை.

வெளிமுகம், நடுக்கோடு என்று கொள்கை பேசுவதற்கு முன் ஒரு சில்லறை விஷயம். என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். மாடிகளின் வரைபடங்கள் தனித்தனிக் கோப்பாக வரும். ஒவ்வொன்றுக்கும் தொடக்கப் புள்ளி வேறு. நான்காம் மாடியை அதன் இடது கீழ் மூலையைப் பிடித்து வைப்பேன். ஐந்தாம் மாடியில் அந்த மூலையில் ஒரு தூண் துருத்திக்கொண்டிருக்கும், அதன் முனையை மூலை என்று நினைத்துப் பிடித்திருப்பேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். திரையில் தெரியாது. பொருத்தும் பொத்தான், மிக நெருங்கி இருக்கும் இரண்டு மூலைகளை ஒன்றாகவே கருதிக்கொள்ளும் தாராளம் உள்ளது. பன்னிரண்டு என்பது அந்தத் தாராளத்துக்கு வெளியே. இப்போதெல்லாம் எந்த மாடியையும் சுவரைப் பிடித்து வைப்பதில்லை. தூண் அச்சுக்கோடுகள் வெட்டும் ஒரு புள்ளி, அல்லது லிஃப்ட் குழியின் ஒரு மூலை. தரையிலிருந்து உச்சி வரை நகராமல் நிற்கிற பொருள் கட்டடத்தில் அநேகமாக அவை மட்டும்தான். வைத்த பிறகு ஆயத்தொலைவைப் படித்துப் பார்க்கிறேன். 12.000 என்று வர வேண்டிய இடத்தில் 11.988 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

லிஃப்ட் குழி என்றதும் இன்னொன்று. முதல் மாடலில் குழியையும் படிக்கட்டையும் மாடிக்கு ஒரு பெட்டியாக அடுக்கியிருந்தேன். உண்மையில் அது எட்டு மாடி உயரத்துக்கு ஒரே காற்று. எனவே இரண்டாம் முறை 28.8 மீட்டர் உயரத்தில் ஒரே ஸோனாக ஆக்கினேன். அதன் சுவர் ஒவ்வொன்றும் மேலிருந்து கீழ்வரை ஒரே பரப்பு. பக்கத்தில் எட்டு மாடி, எட்டு அறை, ஒவ்வொன்றுக்கும் 3.6 மீட்டர்ச் சுவர். ஒன்றுக்கு எட்டு ஜோடி சேராது. மறுபடியும் அதே கதை: கட்டடத்தின் நட்டநடுவே, சூரியனே பார்க்காத இடத்தில், வெளிக்காற்றைப் பார்க்கும் சுவர்கள். குழியின் சுவரை ஒவ்வொரு தரை மட்டத்திலும் வெட்டி எட்டாக்கிய பிறகுதான் சரியானது. வெட்டும் கருவி இதைச் செய்துவிடும், ஜன்னலும் கதவும் வைப்பதற்கு முன்னால் வெட்டினால். வைத்த பிறகு வெட்டப்போனால் சிக்கல்தான். ஒரு ஜன்னல் ஒரே ஒரு சுவருக்குத்தான் பிள்ளையாக இருக்க முடியும், இரண்டு துண்டுக்கு நடுவே அதைப் பங்கு போட முடியாது. மாடிக்கு மாடி தொடர்ந்து ஓடும் கண்ணாடி முகப்பிலும் இதே தொல்லை. வெளியே பார்க்க ஒரே கண்ணாடி. மாடலில் அதை ஒவ்வொரு ஸ்லாப் கோட்டிலும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

பொருள் அடுக்கின் வரிசையையும் பலர் மறப்பார்கள். பட்டியல் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே எழுதப்படும். மேல் மாடியின் தரைக்கு 'வெளி' என்பது கீழ் மாடி. ஆகவே கூரைப் பலகை, ஸ்லாப், சாந்து, ஓடு. கீழ் மாடியின் கூரைக்கு வெளி என்பது மேல் மாடி. ஆகவே ஓடு, சாந்து, ஸ்லாப், பலகை. ஒரே பொருள், இரண்டு வாசிப்பு. ஓப்பன்ஸ்டூடியோ இந்தத் தலைகீழ் நகலைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கையால் எழுதுபவர்களுக்கு எனர்ஜிப்ளஸ் இங்கே மட்டும் கண்டிப்பான வாத்தியார். அதேபோல் கூரையைத் தவறுதலாகக் குப்புற வரைந்துவிட்டால், கூரை தலைகீழாக இருக்கிறது, சாய்வு 180 டிகிரி, பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தானே திருப்ப முயலும். இத்தனையும் கவனிக்கிற மென்பொருள், எட்டுக் கூரையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

'இவ்வளவு பாடுபடுவதற்கு எல்லாத் தரைக்கும் கூரைக்கும் அடியாபாட்டிக் என்று போட்டுவிட்டால் முடிந்ததே' என்று ஒரு நண்பர் சொன்னார். அதை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. நாற்பது மாடிக் கட்டடத்தில் நடு மாடிகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல் இருந்தால், தரைமாடி, உச்சி மாடி, நடுவில் ஒரு மாதிரி மாடி என்று மூன்றை மட்டும் வரைந்து, நடு மாடியைப் பெருக்கல் எண்ணால் பெருக்கிக்கொள்வது வழக்கம். அந்த மாதிரி மாடிக்கு மேலும் கீழும் அடியாபாட்டிக் போடுவது அர்த்தமுள்ளது. மேல் மாடியும் கீழ் மாடியும் இதே வெப்பநிலையில் இருக்கும்போது நடுவே போக்குவரத்து இருக்காது. ஸ்லாப்பின் தேக்கமும் தொலைந்துவிடாது. இரண்டு முகமும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கணக்கு ஓடுவதால், பாதி ஸ்லாப் தரையின் வழியாகவும் பாதி ஸ்லாப் கூரையின் வழியாகவும் அந்த மாடிக்கு வேலை செய்கிறது; கூட்டினால் மாடிக்கு ஒரு முழு ஸ்லாப், அதுதான் உண்மையும்கூட. மாதிரி மாடியை நடு உயரத்திலேயே வைக்க வேண்டும், ஏனென்றால் காற்றின் வேகமும் வெப்பநிலையும் உயரத்தோடு மாறுவதை எனர்ஜிப்ளஸ் கணக்கில் எடுக்கிறது. இதுவரைக்கும் சரி.

கீழே கார் நிறுத்துமிடம், மேலே அலுவலகம், அதற்கும் மேலே இரவில் மட்டும் ஆள் இருக்கும் குடியிருப்பு என்று வரும்போது அடியாபாட்டிக் ஒரு பொய். சூடேற்றாத கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருக்கும் தரைதான் அந்த அலுவலகத்தின் மிக மோசமான பரப்பு. அதைத் துடைத்துவிட்டு வரும் விடை அழகாக இருக்கும், அவ்வளவுதான். அடியாபாட்டிக் எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணம், இடைவெளிப் பிழையையும் அது மூடி மறைத்துவிடும். அவுட்டோர்ஸ் தப்பு செய்தால் விடை வீங்கி, என்றைக்காவது யாராவது கேள்வி கேட்பார்கள். அடியாபாட்டிக் செய்யும் தப்பு விடையைக் குறைத்துக் காட்டும். குறைந்த எண்ணைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

எல்லாத் தளமும் சுத்தமாகப் பொருந்திய பிறகும் மாடலுக்குத் தெரியாத ஓர் இடம் இருக்கிறது: ஸ்லாப் சுவரைச் சந்திக்கும் விளிம்பு. வெப்பம் ஒரே திசையில்தான் போகும் என்று நம்பும் கணக்குக்கு மூலை என்பதே கிடையாது. சுவரில் காப்பு உள்பக்கமாக இருந்தால், ஒவ்வொரு மாடியிலும் ஸ்லாப் அந்தக் காப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அந்த விளிம்பின் ஒவ்வொரு மீட்டரும் டிகிரிக்கு 0.8 வாட் கசிய விடுகிறது என்று வைத்தால், 100 மீட்டர்ச் சுற்றளவுக்கு டிகிரிக்கு 80 வாட். சுவர் முழுவதும் சேர்ந்தே 144 தான். கனமில்லாத தளங்களை வைத்துக்கொண்டு இதை வரைய முடியாது. தனியாகக் கணக்குப் போட்டு, சுவரின் யூ மதிப்பைக் கூட்டி உள்ளே நுழைக்க வேண்டும். உள்ளளவா வெளியளவா என்பதைப் பொறுத்து இந்த 0.8 என்ற எண்ணே மாறும் என்பதால், அளவு முறை சும்மா ஒரு சம்பிரதாயம் அல்ல என்பது இங்கே வந்து உறைக்கும். காப்பு வெளிப்பக்கமாக ஸ்லாப் விளிம்பையும் போர்த்திக்கொண்டு போனால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

சோதிப்பது எப்படி என்று கேட்டால், எனக்குப் பிடித்தது ஒரு வெறுமைச் சோதனை. சூரியனை அணைத்துவிடு. விளக்கு, ஆள்கள், கருவிகள், காற்றுக் கசிவு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கு. எல்லா ஸோனும் 24 டிகிரியில் இருக்கட்டும், வெளியே நாள் கணக்கில் அசையாத 14. இப்போது நடு மாடியின் உள்ளறை ஒன்றைப் பார். அதன் ஆறு முகமும் 24 டிகிரி அறைகளைத்தான் பார்க்கின்றன. அதற்குச் சூடேற்றத் தேவை பூஜ்யமாக இருந்தே தீர வேண்டும். ஒரு வாட் கேட்டால்கூட எங்கோ ஒரு பரப்பு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சுவர் உள்ள அறைகளுக்கு, பரப்பையும் யூ மதிப்பையும் பத்தையும் பெருக்கி வரும் எண் தாளில் இருக்கும். திரையில் வருவதோடு ஒத்துப்பார்த்தால் போதும். வண்ணத்தால் காட்டும் வசதியும் உண்டு. பரப்புகளை அவற்றின் மறுபுறத்தைப் பொறுத்து நிறம் தீட்டச் சொல்லி, ஒரு வெட்டுத் தளத்தைக் கட்டடத்தின் குறுக்கே இழுத்தால், உள்ளே எங்காவது வெளிக்காற்றின் நிறம் தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். அது விரைவு. ஆனால் எனக்குக் கண்ணை விட எண்ணின் மேல்தான் இப்போது நம்பிக்கை.

சாருக்குத் திருத்திய மாடலைக் காட்டப் போவதற்கு முன்னால் அதே அறிக்கையின் அதே கட்டத்தைப் பார்த்தேன். 624. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 600 வர வேண்டும். அன்றைக்குக் கண்டுகொள்ளாமல் விட்ட அதே 24. இரண்டு மணி நேரம் நாடா நாடாவாகத் தேடினேன், ஒவ்வொரு மாடியின் மூலைகளையும் படித்தேன், வெறுமைச் சோதனையை மறுபடி ஓட்டினேன். உள்ளறைகள் எல்லாம் பூஜ்யம். அடுத்து மொத்தச் சுவர்ப் பரப்பைப் பார்த்தேன். 100 மீட்டர்ச் சுற்றளவுக்கு 28.8 உயரம், 2,880 வர வேண்டும். 2,908.8 இருந்தது. அதிகம் 28.8; அதாவது ஒரே ஒரு மாடியில் எட்டு மீட்டர்ச் சுவர் கூடுதல்.

ஒரே மாடி, எட்டு மீட்டர், கூடவே 24 சதுர மீட்டர்க் கூரை. அப்போதுதான் வரைபடத்தைத் திறந்து தரைமாடியைப் பார்த்தேன். வாசல் கூடம் முகப்பிலிருந்து நான்கு மீட்டர் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது, ஆறு மீட்டர் அகலத்துக்கு. அதற்கு மேலே மாடி இல்லை. அதன் கூரை நிஜமாகவே வானத்தைத்தான் பார்க்கிறது.